மேஜை மேல ஒரு ஃபைட்டர் மீன் தொட்டி: ஆன்லைன்ல வாங்கின டப்பாவும் தர்மபுரி கடையில செஞ்சு வாங்கின தொட்டியும்

போன தீபாவளிக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு டெஸ்க்டாப் மீன் தொட்டி வாங்கினேன், அது சரியா வரல, அதுல விட்ட மீனும் செத்துப்போச்சு. அப்புறம் இங்க தர்மபுரியிலேயே ஒரு சின்ன கடையில சொல்லி கண்ணாடித் தொட்டி செஞ்சு வாங்கி மொதல்லேருந்து ஆரம்பிச்சேன். இப்ப அந்தத் தொட்டியில மீன் விட்டு ஆறு மாசம் ஆகுது, குளிர் கொஞ்சம் பார்த்தாச்சு, சித்திரை வெயில் முழுசா பார்த்தாச்சு, மீன் நல்லா இருக்கு. ரெண்டையும் பத்தி எழுதறேன், ஏன்னா நான் வாங்கறதுக்கு முன்னாடி தேடினப்ப நம்ம ஊர் தண்ணிய வெச்சு யாருமே எழுதல, எல்லாம் சென்னைக்காரங்க இல்ல வெளிநாட்டுக்காரங்க சொன்னதுதான் கிடைச்சுது.

நான் வீட்டுல இருந்தே நாலஞ்சு கடைங்களுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்க்கறேன். மாசம் 20ம் தேதி நெருங்கினா காலைல உக்காந்தா ராத்திரி வரைக்கும் அதே நாற்காலி, அதே ஸ்கிரீன். கண்ணுக்கு எதுத்தாப்புல உயிருள்ளது ஒண்ணு இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு. ஆறாவது படிக்கிற பையனுக்கும் ரொம்ப நாளா மீன் மேல ஆசை. ஃபைட்டர் மீன்னா ஒண்ணே ஒண்ணு போதும், சின்ன இடம் போதும், மோட்டார் கூட தேவையில்லன்னு எல்லாரும் சொல்றாங்களேன்னு நம்பித்தான் இறங்கினேன்.

மொதல்ல அந்த ஆன்லைன் டப்பா. விலை 1,299. அக்ரிலிக், சதுரமா பார்க்க அழகா இருக்கும், மூடியிலயே லைட், உள்ளயே குட்டி பில்டர், யுஎஸ்பில சொருகினா ஓடும். போட்டோல பார்த்தா மனசு போயிடும். 5 லிட்டர்னு போட்டிருந்தாங்க, லிட்டர் பாட்டில்ல அளந்து ஊத்தினா 4 லிட்டர் கூட முழுசா புடிக்கல, அதுக்கு மேல ஊத்தினா மூடியில இருக்கற லைட்ல தண்ணி படுது. பில்டர்லேருந்து தண்ணி ஊத்தற வேகம் இருக்கே, ஃபைட்டர் மாதிரி நீள துடுப்பு வெச்ச மீனுக்கு அது காட்டாறு, ஒரு மூலையில ஒதுங்கி நின்னாலும் இழுத்துட்டு போகுது. வேகத்த குறைக்க வழியே கிடையாது. ஹீட்டர் வெக்க இடமில்ல. லைட் வெறும் நீலம். ஒரு தடவ ஸ்பான்ஜால தேய்ச்சதுக்கே அக்ரிலிக் முழுக்க கீறல். ரிட்டர்ன் கேட்டதுக்கு தண்ணி ஊத்தினத திருப்பி எடுக்கமாட்டோம்னு சொல்லிட்டாங்க. தண்ணி ஊத்தாம மீன் தொட்டிய எப்படி சரி பார்க்கறது?

மீன் வாங்கினது வேற கடை. ஒரு பிளாஸ்டிக் கப்புல, டீ கிளாஸ் அளவு தண்ணியில, வரிசையா அடுக்கி வெச்சிருந்தாங்க. நான் ஒரு சிவப்பு ஹாஃப்மூன் எடுத்தேன், வால விரிச்சா அரை வட்டமா நிக்கும் பாருங்க அந்த ரகம். "எந்தத் தண்ணில வேணா விடுங்கக்கா, இது சாகாது"ன்னு சொன்னாங்க. அன்னிக்கே கொண்டுவந்து போர் தண்ணிய ஊத்தி அன்னிக்கே விட்டுட்டேன்.

நாலாவது நாள் துடுப்பெல்லாம் உடம்போட ஒட்டிக்கிச்சு. நனைஞ்ச குடைய மடக்கி வெச்ச மாதிரி. அப்புறம் வால் ஓரம் கருத்து, எரிஞ்ச காகிதம் மாதிரி துண்டு துண்டா உதிர ஆரம்பிச்சுது. அடியில படுத்துக்கும், மூச்சுக்கு மட்டும் கஷ்டப்பட்டு மேல வந்து ஒரு வாய் காத்து வாங்கிட்டு திரும்ப கீழ போயிடும். அப்ப மார்கழி, எங்க வீடு ஓடு போட்ட பழைய வீடு, விடியக்காலைல தெர்மாமீட்டர் வெச்சுப் பார்த்தா தண்ணி 19 டிகிரி. மீன் மருந்துன்னு விக்கிற மெத்திலீன் ப்ளூ ஊத்தினேன், கல் உப்பு போட்டேன். ஒன்பதாவது நாள் காலைல போயிடுச்சு. பையன் கறிவேப்பிலைச் செடி கிட்ட புதைச்சுட்டு ஸ்கூலுக்கு போகமாட்டேன்னு உக்காந்துட்டான். எனக்கும் மனசு ரொம்ப கஷ்டமா போச்சு. இது சும்மா செத்த மீன் இல்ல, நான் தெரியாம பண்ணின தப்பால செத்துச்சு, அதனாலதான் அடுத்தது பண்ணா ஒழுங்கா பண்ணணும் இல்ல பண்ணவே கூடாதுன்னு முடிவெடுத்தேன்.

அப்பதான் எங்க வீட்டுக்காரர் பென்னாகரம் ரோட்டுலேருந்து உள்ள போற ஒரு சந்துல மீன் கடை இருக்குன்னு கூட்டிட்டு போனார். கடைன்னு சொல்றத விட வீட்டு முன் ரூம்னு சொல்லலாம். அந்த அண்ணா மாடியில சிமென்ட் தொட்டி கட்டி அவரே கப்பி, மோலி எல்லாம் குஞ்சு எடுக்கறார், ஃபைட்டர் மட்டும் சென்னை கொளத்தூர்லேருந்து வருது. நான் போய் "ஒரு ஃபைட்டர் குடுங்கண்ணா, நல்லதா"ன்னு கேட்டேன். அவர் மீனைக் காட்டவே இல்ல. "என்ன தண்ணிம்மா ஊத்தினீங்க?"ன்னு கேட்டார். அதுதான் மொத கேள்வி. போர் தண்ணின்னேன். மீன் விடறதுக்கு முன்னாடி பில்டர எத்தன நாள் ஓடவிட்டீங்கன்னார், ஓடவே விடலன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லாம இருந்துட்டு, "நாளைக்கு வாங்க, வீட்டுல வர்ற தண்ணி எல்லாத்துலயும் ஒவ்வொரு பாட்டில் எடுத்துட்டு வாங்க, மீன் அப்புறம் பார்ப்போம்"னு அனுப்பிட்டார். வந்த கஸ்டமர விக்காம திருப்பி அனுப்பற கடைக்காரர நான் அன்னிக்குத்தான் பார்த்தேன்.

மறுநாள் மூணு பாட்டில் கொண்டு போனேன். தண்ணில கரைஞ்சிருக்கற உப்பு அளவக் காட்டற டிடிஎஸ் மீட்டர்ல போர் தண்ணி 1,100க்கு மேல காட்டுச்சு, பைப்புல வர்ற ஒகேனக்கல் தண்ணி 300க்கு பக்கம், ஆர்ஓ தண்ணி 40. தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு நம்ம ரெண்டு மாவட்டத்து நிலத்தடி தண்ணியைப் பத்தி தனியா சொல்லவேண்டியதில்ல. பல்லு பழுப்பாகி எலும்பு வரைக்கும் பாதிக்கிற ஃபுளோரைடு பிரச்சினைக்காகத்தானே ஜப்பான் கடன் வாங்கி ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013ல தொறந்தாங்க, எங்க அத்தை காலத்துல எல்லாம் பல்லுல அந்த மஞ்ச கோடு இல்லாதவங்க கம்மி. மீன் விஷயத்துல அண்ணா சொன்னது வேற கணக்கு. போர் தண்ணில உப்பு, சுண்ணாம்பு ஜாஸ்தி, ஃபைட்டர் தாங்கிக்கும்தான் ஆனா மெல்லிசான தண்ணிதான் அதுக்கு இஷ்டம். ஆர்ஓ தண்ணில ஒண்ணுமே இல்ல, அத மட்டும் ஊத்தினா பிஎச், அதாவது தண்ணியோட அமில-கார அளவு, நிலையா நிக்காது. ஒகேனக்கல் தண்ணி அளவா இருக்கு, ஆனா அதுல குளோரின் போட்டு அனுப்பறாங்க, அத எடுத்துட்டா போதும்.

குளோரின் எடுக்க ரெண்டு வழி சொன்னார். அகல பக்கெட்ல புடிச்சு தொறந்து ஒரு நாள் வெச்சிடறது, இல்லன்னா கடையில விக்கிற ஆன்டி குளோரின் சொட்டு. அந்த சொட்டுல இருக்கறது சோடியம் தயோசல்பேட், அதாவது பழைய போட்டோ ஸ்டூடியோல பிலிம் கழுவ ஹைப்போன்னு வெச்சிருப்பாங்களே அதே பொருள். நான் ரெண்டுமே பண்றேன்.

இப்ப தொட்டி. 12 இன்ச் நீளம், 8 இன்ச் அகலம், 10 இன்ச் உயரம், 5 எம்எம் கண்ணாடி, 700 ரூபாய். விளிம்பு வரைக்கும் ஊத்தினா 15 லிட்டர் சொச்சம், ஒரு இன்ச் விட்டு ஊத்தி அடியில மணல் போட்டா 13 லிட்டர் நிக்கும். இதுக்கு கீழ ஃபைட்டருக்கு போகாதீங்கன்னு அண்ணா சொன்னார், இப்ப நானும் அதையேதான் சொல்றேன். தண்ணி கம்மியா இருந்தா அழுக்கும் சீக்கிரம் ஏறும், சூடும் குளிரும் சீக்கிரம் மாறும். சின்ன தொட்டிதான் பார்த்துக்க சுலபம்னு நினைக்கிறோம், நெஜத்துல 4 லிட்டர் டப்பாவப் பார்த்துக்கறதுதான் பெரிய வேலை.

நாலு நாள்ல தரேன்னு சொன்ன தொட்டி பதினொரு நாள் ஆச்சு. ஆனா வேலை சுத்தம். மூலையில சிலிக்கான் ஒரே கோடா, விரல வெச்சு இழுத்தா பிசிறு தட்டல. "வினிகர் வாசனை போற வரைக்கும் தண்ணி ஊத்தாதீங்கம்மா"ன்னு சொல்லித்தான் குடுத்தார். வீட்டுக்கு கொண்டுவந்து தினத்தாள விரிச்சு அது மேல தொட்டிய வெச்சு முழுசா தண்ணி ஊத்தி ஒரு நாள் விட்டோம், ஒரு சொட்டு கசிஞ்சாலும் பேப்பர்ல ஈரம் காட்டிக் குடுத்துடும். பையன் ராத்திரி ரெண்டு தடவ எழுந்து டார்ச் அடிச்சுப் பார்த்தான். பேப்பர் காஞ்சே இருந்துச்சு.

எடை விஷயம் யாரும் சொல்றதில்ல. தண்ணி, கண்ணாடி, மணல் எல்லாம் சேர்த்தா 20 கிலோ வரும். என் கம்ப்யூட்டர் டேபிள் மரத்தூள் பலகை, அது வளைஞ்சுடும், ஒரு சொட்டு ஈரம் பட்டா ஊதிடும். எங்க வீட்டுக்காரர் வேலை பண்றது கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் கம்பெனியில, அங்கேருந்து ஒரு பாரடைசோ கல்லு வெட்டுத் துண்டு கொண்டுவந்தார், அத பழைய தையல் மெஷின் ஸ்டாண்டு மேல போட்டு என் மேஜைக்கு ஒட்டினாப்புல வெச்சோம். கல்லுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல அரை இன்ச் தெர்மாகோல். இது கட்டாயம், கீழ ஒரு சின்ன மணல் துகள் இருந்தாலே நாள் ஆக ஆக அடிக்கண்ணாடி கீறல் விட்டுடும்.

அடியில போட கூழாங்கல் வாங்கறப்ப ஒண்ணு பாருங்க. மார்பிள் சிப்ஸ் வெள்ளையா அழகா இருக்கும், ஆனா அது சுண்ணாம்பு, தண்ணிய மேல மேல கடினமாக்கிடும். ஒரு கல்லு மேல எலுமிச்சம்பழச் சாறு விட்டுப் பாருங்க, நுரைச்சா வேணாம். நான் வாங்கினது ஆத்து மணல் மாதிரி பொடி கல்லு, ரெண்டு கிலோ 60 ரூபாய், ஏழெட்டு தடவ அலசினப்புறம்தான் தண்ணி தெளிஞ்சுது.

பில்டருக்கு ஸ்பான்ஜ் பில்டர், வெளிய ஒரு ஏர் பம்ப். பார்க்க ஒண்ணும் பெருசா இல்ல, ஒரு கருப்பு ஸ்பான்ஜ், அதுல ஒரு குழாய், மேல குமிழ் வரும், அவ்ளோதான். ஆனா ஃபைட்டருக்கு இதவிட நல்லது இல்ல. குழாய்ல ஒரு வால்வு போட்டு காத்தக் குறைச்சுக்கலாம், தண்ணி லேசா அசையற அளவு வெச்சா போதும். இன்னொரு வால்வும் கேட்டு வாங்குங்க, நான்-ரிட்டர்ன் வால்வு, 20 ரூபாதான். பம்ப் தொட்டிய விட கீழ இருந்தா கரன்ட் போன உடனே தண்ணி குழாய் வழியா பின்னாடி இறங்கி பம்புக்குள்ள வந்து பிளக் பாயின்ட் வரைக்கும் போயிடும். எங்க ஏரியாவுல மாசத்துல ஒரு நாள் பகல் முழுக்க பவர் கட், அதனால இது எனக்கு முக்கியம். அண்ணா நான் கேக்காமலே அத மாட்டிக் குடுத்தார்.

அடுத்தது ஒரு மாசம் சும்மா காத்திருந்தது. இதத்தான் மொத தடவ பண்ணாம விட்டேன். மீன் போடற கழிவும் மிச்ச தீனியும் தண்ணில அமோனியா ஆகுது, அது மீனுக்கு விஷம், கொஞ்சமா இருந்தாலும் செவுள எரிக்கும். ஸ்பான்ஜுலயும் கல்லுலயும் வளர்ற ஒரு பாக்டீரியா அத நைட்ரைட்டா மாத்தும், அதுவும் விஷம், இன்னொரு பாக்டீரியா அத நைட்ரேட்டா மாத்தும், அது அவ்ளோ கெடுதி இல்ல, வாரா வாரம் தண்ணி மாத்தினா போயிடும். இந்த ரெண்டு கூட்டமும் தானா வளர்ந்து செட் ஆக நாலுலேருந்து ஆறு வாரம் வேணும். புது தொட்டியில புது தண்ணி பளபளன்னு இருக்கும், ஆனா உள்ள இந்த வேலையப் பார்க்க ஒருத்தரும் இல்ல.

தை மொத வாரம் தண்ணி ஊத்தி பில்டர ஓடவிட்டேன், மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டேன். அண்ணா அவர் ஓடற தொட்டியிலேருந்து ஒரு பழைய ஸ்பான்ஜ புழிஞ்சு அந்த பழுப்பு தண்ணிய கவர்ல கட்டிக் குடுத்தார், காசு வாங்கல. பார்க்க சேறு மாதிரிதான் இருந்துச்சு, ஆனா அதுலதான் பாக்டீரியா. அமோனியா, நைட்ரைட் எவ்ளோன்னு கலர வெச்சுப் பார்க்கற டெஸ்ட் கிட் மட்டும் அவர்கிட்ட இல்ல, ஆன்லைன்ல 900 ரூபாய் குடுத்து வாங்கினேன், மொத்த செலவுல இதுதான் அதிகம், இருந்தாலும் விடாதீங்க. அமோனியா ட்யூப் மொத வாரம் பச்சை, ரெண்டாவது வாரம் கரும்பச்சை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மஞ்சள். நைட்ரைட் ஊதாவாகி ரொம்ப நாள் அப்படியே நின்னு ஒரு நாள் திடீர்னு வெளிர் நீலத்துக்கு வந்துச்சு. ரெண்டும் ஜீரோ வந்தப்ப 31 நாள் ஆயிருந்துச்சு. மாசி பொறந்துடுச்சு.

அப்புறம்தான் மீன். இந்த தடவ பிளகாட் எடுத்தேன். நீள வால் இல்லாத, கட்டுமஸ்தான ரகம், தாய்லாந்து பேச்சுல பிளா கட்னா கடிக்கிற மீன்னு அர்த்தமாம். அந்த ஊர்ல நெல்லு வயல், ஓடை, சதுப்புல வாழற மீன் இது, 2019ல தாய்லாந்து இத தேசிய நீர்வாழ் உயிரினமாவே அறிவிச்சுட்டாங்க. நீள வால் ரகம் அழகுதான், ஆனா அந்த வாலத் தூக்கிட்டு நீந்தவே அதுக்கு பாரம், சீக்கிரம் கிழியும், அழுகும். மொத மொத வளக்கறவங்க பிளகாட் எடுங்க. எனக்கு கிடைச்சது நீலம், கழுத்து பக்கம் பச்சை மின்னும், 220 ரூபாய். பையன் அதுக்கு அதியமான்னு பேர் வெச்சான். அதியமான் ஆண்ட தகடூர்தானே இந்த தர்மபுரி, இங்க வேற என்ன பேர் வெக்கறது.

கவரோட 20 நிமிஷம் தொட்டி தண்ணில மிதக்க விட்டு, அப்புறம் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு கரண்டி தொட்டி தண்ணிய கவருக்குள்ள ஊத்தி, முக்கால் மணி நேரம் கழிச்சு மீன மட்டும் வலையில எடுத்து விட்டேன். கடைத் தண்ணிய உள்ள ஊத்தல.

ஹீட்டர் 25 வாட், 420 ரூபாய். நம்ம ஊருக்கு எதுக்கு ஹீட்டர்னு கேப்பீங்க, நானும் கேட்டேன். ஃபைட்டருக்கு 24லேருந்து 28 டிகிரி வேணும். கார்த்திகையிலேருந்து மாசி வரைக்கும் நம்ம பக்கம் ராத்திரி அது நிக்காது, ஓசூர் பக்கம் இருக்கறவங்களுக்கு இன்னும் மோசம். ஹீட்டர்ல 26 வெச்சா இது 28 வரைக்கும் போகுது, அதனால அதுல இருக்கற நம்பர நம்பாம தனி தெர்மாமீட்டர் வெச்சு பார்த்து சரி பண்ணுங்க. தொட்டிக்குள்ள கை விடறதுக்கு முன்னாடி பிளக்க புடுங்கிடுங்க, தண்ணி குறைக்கறப்பவும் புடுங்கிடுங்க, சூடான ஹீட்டர் தண்ணிக்கு வெளிய தெரிஞ்சா அதோட கண்ணாடி வெடிச்சுடும். வயர் பிளக்குக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு வளைவு கீழ தொங்கற மாதிரி விடுங்க, வயர் வழியா தண்ணி வழிஞ்சா அந்த வளைவுல சொட்டிடும், பிளக்குக்கு போகாது.

வெயில் காலம் வேற மாதிரி. சித்திரை கடைசியில ரூமே அடுப்பு மாதிரி, தண்ணி 32 காட்டுச்சு. மூடியில பாதிக்கு கொசுவலைத் துணி கட்டிட்டு, மேல படற மாதிரி டேபிள் பேன் போட்டேன், ரெண்டு மூணு டிகிரி இறங்குச்சு. (மூடியே இல்லாம விடாதீங்க, இது எகிறிக் குதிக்கற மீன்.) பேன் போட்டா தண்ணி சீக்கிரம் ஆவியாகுது, தினம் ஒரு டம்ளர் குறையும். ஆவியாறது தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே தங்கிடும், அதனால குறைஞ்சத மட்டும் ஆர்ஓ தண்ணியால நிரப்பணும். இத நானா யோசிச்சிருக்கவே மாட்டேன், அண்ணா போன்ல சொன்னது.

எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம் பாதாம் இலை. ஸ்கூல் கிரவுண்டுல, ஆபீஸ் வாசல்ல எல்லாம் குடை மாதிரி அடுக்கடுக்கா நிக்குமே நாட்டு பாதாம் மரம், அதோட இலை. ஆன்லைன்ல பத்து இலை 150 ரூபாய்க்கு விக்கிறாங்க. பையன் ஸ்கூல்லேருந்து சும்மா பொறுக்கிட்டு வர்றான். தானா உதிர்ந்து நல்லா காஞ்சு பழுப்பான இலைதான் வேணும், பச்சை இலை வேணாம், ரோட்டோரம் புகை படிஞ்சதும் வேணாம். கழுவி, ஒரு ராத்திரி ஊறவெச்சு பாதி இலை போட்டா ரெண்டு நாள்ல தண்ணி பால் ஊத்தாத டீ கலர்ல வரும். அது அழுக்கு இல்ல, இலையில இருக்கற டானின், துவர்ப்பு. கிருமிய கொஞ்சம் அடக்கும்னும் மீனுக்கு பதட்டம் குறையும்னும் வளக்கறவங்க சொல்றாங்க, என் கண்ணுக்கு தெரிஞ்சது அது இலைக்கு அடியில போய் சாஞ்சு படுத்துக்கறதுதான். அந்த டீ கலர் தண்ணில எல்இடி வெளிச்சம் பட்டு நீல மீன் திரும்பறப்ப இருக்கற அழகு, நான் கணக்க மூடி வெச்சுட்டு பார்த்திருக்கேன்.

செடிக்கு அனுபியாஸ் ஒண்ணு, ஜாவா மாஸ் கொஞ்சம். ரெண்டுமே லைட் அதிகம் கேக்காது. அனுபியாஸோட தண்டு மாதிரி தடியா இருக்கறத மணல்ல புதைச்சா அழுகிடும், ஒரு கல்லுல நூல் வெச்சு கட்டி வெக்கணும். அண்ணா கடைச் செடியோட குட்டி நத்தை முட்டை வந்து இப்ப தொட்டியில பத்து நத்தை சுத்துது, மீனுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா செடிய வாங்கினதும் நல்லா அலசி ரெண்டு நாள் தனியா வெச்சிட்டு விடுங்க.

பங்குனில ஒரு நாள் காலைல மூடியத் தொறந்தா இலை ஓரமா வெள்ளையா நுரை. சோப்பு ஏதாச்சும் பட்டுடுச்சோன்னு பதறிட்டேன். கிட்டப் போய் பார்த்தா கடுகு மாதிரி குமிழ், ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி, கை அகலத்துக்கு. அதியமான் மேல வந்து காத்த ஒரு வாய் வாங்கும், கீழ இறங்கும், இலைக்கு அடியில போய் ஒவ்வொரு குமிழா துப்பும். கூடு கட்டுது. ஆண் மீன்தான் கட்டும், முட்டைய அதுலதான் வெச்சு காக்கும். ஜோடி இல்லாட்டியும் கட்டும். இந்த மீனுக்கு செவுள் போக, தலைக்குள்ள காத்துலேருந்து நேரா மூச்சு வாங்க ஒரு உறுப்பு இருக்கு, அதனாலதான் வயல் தண்ணி வத்தி கொஞ்சமா நின்னாலும் தாக்குப்புடிக்குது. அந்த திறமை இருக்கறதாலேயே அத டீ கப்புல அடைச்சு விக்கிறாங்க, அது எனக்கு இப்ப நினைச்சாலும் ஆறல. கப்புல அது வாழல, சாகாம இருக்கு, அவ்ளோதான்.

தீனி கொஞ்சமா போடுங்க. காலைல மூணு குருணை, சாயந்தரம் மூணு. அதோட வயிறு அதோட கண்ணு அளவுதான். வாரத்துல ஒரு நாள் பட்டினி போட்டா நல்லது. எங்க அத்தை சனிக்கிழமை பெருமாளுக்கு விரதம், "எங்கூட அதுவும் இருக்கட்டும் விடும்மா"ன்னாங்க, அதனால சனிக்கிழமை கிடையாது. மொதல்ல வீட்டுக்குள்ள மீன் எதுக்குன்னு சொன்னவங்க இப்ப களி கிண்டிட்டு வந்து கை காயறதுக்குள்ள தொட்டி கிட்ட ஒரு தடவ நின்னுட்டுத்தான் போறாங்க, அதுவும் அவங்க சேலை கலரப் பார்த்தா முன்னாடி வந்து நிக்குது.

வாரம் ஒரு தடவ 3 லிட்டர் மாத்தறேன், சின்ன குழாய அடியில விட்டு உறிஞ்சி எடுக்கறது, எடுத்த தண்ணி கறிவேப்பிலைக்கு. ஸ்பான்ஜ அந்த எடுத்த தண்ணிலயே புழியணும், பைப் தண்ணில கழுவினா குளோரின்ல பாக்டீரியா செத்து ஒரு மாச வேலை போச்சு. இந்த ஆடியில காவேரி பெருகினப்ப பைப்புல தண்ணி கொஞ்சம் கலங்கலா, குளோரின் வாசனை தூக்கலா வந்துச்சு, ரெண்டு நாள் தெளிய விட்டுட்டுத்தான் ஊத்தினேன்.

செலவு மொத்தம் 3,340 ரூபாய் ஆச்சு, தொட்டி, பம்ப், ஸ்பான்ஜ், வால்வு, ஹீட்டர், தெர்மாமீட்டர், லைட், செடி, கல்லு, டெஸ்ட் கிட், மீன் எல்லாம் சேர்த்து. கிரானைட் துண்டுக்கு காசு இல்ல. அந்த 1,299 டப்பா இப்ப மணி பிளான்ட் வெக்க உதவுது.

அண்ணா கடையில குறையும் இருக்கு. பில் கிடையாது. ஹீட்டருக்கு வாரண்டி கிடையாது. காலைல 11 மணிக்கு முன்னாடி போனா பூட்டியிருக்கும், சொன்ன தேதிக்கு எதுவும் வராது. வண்டி நிறுத்த இடமில்ல. அவர்கிட்டயும் ஃபைட்டர் கப்புலதான் வருது, ஆனா வந்த அன்னிக்கே பெரிய பாட்டிலுக்கு மாத்தி இலை போட்டு வெக்கறார், நடுவுல அட்டை வெச்சு ஒண்ண ஒண்ணு பார்க்காத மாதிரி மறைச்சிடறார், ரெண்டு ஆண் ஒண்ண ஒண்ணு பார்த்துட்டே இருந்தா சிலிர்த்து சிலிர்த்தே ஓஞ்சுபோயிடும். ஒரே தொட்டியில ரெண்டு விட்டா அடிச்சே கொன்னுடும், அதனால ஜோடியா குடுங்கன்னு கேட்டா அவர் குடுக்கமாட்டார். அஞ்சுக்கு மார்க்கு போடணும்னா கடைக்கு நாலரை, ஆன்லைன் டப்பாவுக்கு ஒண்ணு.

பக்கத்து வீட்டு அக்கா அதியமானப் பார்த்துட்டு அவங்க பொண்ணு பொறந்தநாளுக்கு ஒரு கண்ணாடி பவுலும் ஒரு ஃபைட்டரும் வாங்கணும்னு சொன்னாங்க. பொறந்தநாள் அடுத்த மாசம் கடைசியில, நாள் இருக்கு. பவுல் வேணாங்கக்கா, வர்ற ஞாயித்துக்கிழமை நானே கடைக்கு கூட்டிட்டு போறேன்னு சொல்லியிருக்கேன். வர்றப்ப அவங்க வீட்டு பைப் தண்ணிலயும் போர் தண்ணிலயும் ஒவ்வொரு பாட்டில் எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன்.